அக்காவின் இடது கன்னம்

நம் மாதா கோயில் திருவிழா மலருக்குச் சின்ன வயது ஞாபகம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளைஞர் குழுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டபோது, ஐஸ் கம்பெனியைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் சிதறிக் கிடக்கும் ஐஸ் துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடியது, வாட்ச்மேன் விரட்டியது, வீடு வந்து சேர்வதற்குள் பாவாடை நனைந்து அடி வாங்கியது, இதெல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு தாள் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுத வேண்டியது அது இல்லை. கிழித்துப் போட்டேன்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும்.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். நம் தெருவில் என்னோடு விளையாடியவர்கள், இன்றும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள். என் அக்காவைப் பற்றி நீங்கள் ஒன்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். போட்டோவில் முகத்தை மாற்றி, கப்பலில் இருந்த மாப்பிள்ளையை ஏமாற்றப் பார்த்தவள் என்று. அது பொய். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த பொய்.

அக்காவின் இடது கன்னத்தில் வாய் ஓரத்தில் தொடங்கிக் காது வரைக்கும் ஒரு தழும்பு உண்டு. அவளுக்கு நாலு வயது இருக்கும்போது அப்பா முற்றத்தில் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இவள் ஓடி வந்து குறுக்கே விழுந்திருக்கிறாள். முள் கன்னத்தில் ஏறிவிட்டது தெரியாமல் அப்பா கயிற்றை இழுத்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அந்தக் கன்னம் சிரிக்கும்போது ஒரு பக்கமாக மேலே ஏறும். அவளுக்குச் சிரிப்பும் அதிகம்.

புதிதாக யாராவது அதை உற்றுப் பார்த்தால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். "எங்க அப்பா பிடிச்சதிலேயே பெரிய மீன் நான்தான்." கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள். அவள் முதலில் சிரித்து வழிவிடுவாள்.

அப்பா சிரிக்க மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் உட்காருவார். அம்மாவுக்கு வேறு பழக்கம். கோயிலுக்குக் கிளம்பும்போது அக்காவின் முக்காட்டை இடது பக்கம் நன்றாக இழுத்துவிடுவாள். தெருமுனை திரும்புவதற்குள் அக்கா அதைப் பின்னால் தள்ளிவிடுவாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வாரா வாரம் அம்மா இழுத்துவிடுவாள், வாரா வாரம் இவள் தள்ளிவிடுவாள்.

நான் அவளோடு நடந்தால் இடது பக்கம்தான் நடப்பேன். அக்காமேல் எவ்வளவு பாசம் பாரு, ஒட்டிக்கொண்டே போகிறது என்று தெருப் பெண்கள் சொல்வார்கள். நான் ரோட்டில் போகிறவர்களுக்கு அந்தக் கன்னத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். அவள் தோள் உயரம்கூட இல்லாத நான் எதை மறைத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது முடிந்த மட்டும் நிமிர்ந்து நடப்பேன்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே பயந்த புத்தி. தபால் பெட்டியில் கடிதம் போட்டால் விழுந்ததா என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். அப்பா கடலுக்குப் போன நாளில் கச்சான் காற்று கொஞ்சம் உரத்து வீசினாலும் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் அக்காவின் வாயை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டி ஒருத்தி சிரித்தாள் என்று மூன்று நாள் காய்ச்சலாகப் படுத்தேன். என்ன காய்ச்சல் என்று அக்கா கேட்டாள். மழையில் நனைந்தேன் என்றேன். நம் ஊரில் அந்த மாதம் மழையே பெய்யவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது ஆன வருஷம் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். மாப்பிள்ளை வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்தார். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அத்தை. அந்த அத்தை கோயிலில் அக்காவைப் பார்த்து, அவள் பாடுகிறது பிடித்து, வீடு தேடி வந்து கேட்டார்கள். கப்பலில் போனால் திரும்பி வரப் பத்து மாதம் ஆகும். அதனால் நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிறபடி, போட்டோ போகட்டும், அவன் பார்த்துச் சம்மதம் எழுதட்டும் என்று பேச்சாயிற்று. மாப்பிள்ளை தன் போட்டோவை முந்தியே அத்தைக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு தாள். சுமை தூக்கும் வின்ச்சில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது, போட்டோவில் கை தெரியாது, அதனால் பெண் வீட்டில் சொல்லிவிடவும் என்று எழுதியிருந்தார்.

அக்கா அதைப் படித்துவிட்டு, "விரல் இல்லாதவருக்குக் கன்னம் கிழிஞ்சவ. சரியாத்தான் வருது" என்றாள். அன்று நாள் முழுக்கப் பாடிக்கொண்டே தைத்தாள்.

ஸ்டூடியோ நம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உங்களுக்குத் தெரியும். முதல் நற்கருணையன்று, புது நன்மை வாங்கிய போட்டோ நாம் எல்லோரும் அங்கேதான் எடுத்தோம். படிக்கட்டும் ஏரியும் வரைந்த திரை, ஒரு கால் ஆடும் முக்காலி, பிளாஸ்டிக் ரோஜா. ஸ்டூடியோ அண்ணாச்சி விளக்கைச் சரிசெய்துவிட்டு அக்காவை இடது பக்கம் இருட்டில் இருக்கும்படி திருப்பி உட்காரவைத்தார். அக்கா எழுந்து, முக்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் நேராகத் தழும்பில் விழுந்தது.

"இருக்கிறபடி இருக்கட்டும் அண்ணாச்சி. பொறவு வேற ஆளு வந்துட்டான்னு அவரு பயப்படப் போறாரு."

அண்ணாச்சி சிரித்தார். நான் சுவரோரம் நின்றேன். அந்த வெளிச்சத்தில் தழும்பு பளபளவென்று, கன்னத்தில் வெள்ளிக் கம்பி ஒட்டியது மாதிரி தெரிந்தது. யாராவது மாடி ஏறி வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்துப் போட்டோவை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். இரண்டு பிரிண்ட். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கப்பலுக்கு. கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அறையின் புளித்த மருந்து வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அண்ணாச்சி பிரிண்டுகளை எடுத்து என்னிடம் நீட்டப் போனவர் நிறுத்தினார். இதைப் பிரஷால் லேசாக டச்சப் செய்தால் தழும்பு இருந்த இடமே தெரியாது, வீட்டில் ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். நான் சொன்னது, "ஆமா, அக்காதான் சொல்லிவிட்டா. கப்பலுக்குப் போறதை மட்டும்."

அம்மா சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லக்கூடியவள்தான். ஆனால் அம்மா சொன்னதாகச் சொன்னால், உன் அக்கா வேண்டாம் என்றாளே என்று அவர் திருப்பிக் கேட்பார். அக்கா பெயரைச் சொன்னால் கேள்வி வராது. அந்த நிமிஷத்தில் அவ்வளவு கணக்கும் என் மண்டையில் ஓடியது. பயந்த பிள்ளை, வெகுளி என்று இந்த ஊர் என்னை நினைத்தது. பயந்த பிள்ளைகள் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்று எனக்குத் தெரியும்.

அவர் நுனி மெலிந்த பிரஷை மையில் தொட்டு, புள்ளி புள்ளியாக வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தழும்பு போய்விட்டது. அதோடு வேறு ஏதோவும் போனது. அதில் இருந்தது யாரோ ஒரு அழகான பெண். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். போட்டோவைக் காட்டு என்றார்கள். வீட்டுப் பிரிண்டை எடுத்துக் காட்டினேன். கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லா விழுந்திருக்கு, உள்ளது அப்படியே இருக்கு என்றார்கள். பிறகு, "மூஞ்சியைப் பத்தி நாம ஒண்ணும் எழுத வேண்டாம் பிள்ளை. எழுதினா குறை சொல்லுத மாதிரி ஆயிரும். போட்டோல இருக்குல்ல, அவனே பாத்துக்கிடட்டும்" என்றார்கள். மரியாதை தெரிந்த மனுஷி. அந்த மரியாதைதான் எனக்கு வசதியாகப் போயிற்று. காட்டியது ஒன்று, உறையில் வைத்தது ஒன்று. பசை தடவி ஒட்டினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சம்மதம் என்று எழுதியிருந்தார். அக்காவுக்கென்று தனியாக ஒரு சிறு தாள். அதில் இருந்த வரி எனக்கு மனப்பாடம்: "போட்டோ பார்த்தேன். உன் முகத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை."

அக்கா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். என்னைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பிறகு அப்பா சவரம் செய்கிற கண்ணாடிமுன் போய் நின்றாள். அது உயரத்தில் மாட்டியிருக்கும், குதிகாலைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். அவள் கண்ணாடிமுன் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததே இல்லை. இடது கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பாத்தியாளா," என்றாள். "எங்கேயோ கடல்ல இருக்க மனுசனுக்குத் தெரியுது."

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்தத் தழும்பு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாரா வாரம் முக்காட்டைத் தள்ளிவிட்டுத் தெருவில் நடக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வர இன்னும் நாள் இருந்தது. ஒரு கடிதத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவேன். அவள் புடவையில் பூ வேலை செய்துகொண்டே அந்த வரியை முணுமுணுப்பாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன்.

அவர் வருகிற தேதி தெரிந்ததும் ஓலை வாசிக்க ஏற்பாடானது. சின்னப் பிள்ளைகள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசித்தபோது தடை தெரிந்தவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அத்தையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா முந்திரி மக்ரூன் வாங்கித் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். அக்கா முக்காடு இல்லாமல், தலை வாரிப் பூ வைத்து, காப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சிரித்தாள், கன்னம் ஒரு பக்கமாக ஏறியது. அவர் சட்டைப் பையில் இருந்து போட்டோவை எடுத்து மக்ரூன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இது யார் என்று கேட்டார்.

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் முதலில், நான் பார்த்த போட்டோ இது இல்லையே என்றார்கள். அப்பா செருப்புகூடப் போடாமல் போய் ஸ்டூடியோ அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பாவம், உள்ளதைச் சொன்னார். நானாகச் செய்யவில்லை, பெரியவள் சொல்லிவிட்டதாகச் சின்னப் பிள்ளைதான் வந்து சொன்னது என்றார்.

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏளா, நான் உங்கிட்ட அப்படிச் சொன்னேனா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலில் தெருப் பிள்ளைகள் நின்றீர்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் இருந்தீர்கள்.

"நீதானக்கா சொன்ன," என்றேன்.

மாப்பிள்ளை எழுந்தார். மேசையில் ஊன்றிய கையில் மூன்று விரல்தான் இருந்தது. "தழும்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. அதுக்கா நான் போறேன்? எங் கையைப் பத்தி நான் ஒளிக்காம எழுதினேன்லா. நீங்க ஒளிச்சிட்டீங்க. வேற எதெல்லாம் ஒளிப்பீங்களோ." அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார், அக்காவைப் பார்த்து இல்லை. அவர் போன பிறகும் அந்த அத்தை கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாயைத் திறந்திருந்தால், தெருமுனை வரைக்கும் ஓடிப் போய்ச் சொல்லியிருந்தால், அவர் திரும்பி வந்திருப்பார். அவர் கோபம் அப்படிப்பட்ட கோபம்தான். இத்தனை வயதுக்குப் பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. மற்ற இரண்டு கல்யாணங்களை வாசித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தார். கோயில் முழுவதும் தலைகள் திரும்பின. அக்கா முன்வரிசையில் இருந்தாள். அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா முக்காட்டை இழுத்துவிட வந்தாள். "இனிமேலா மறைக்கணும்?" என்று கேட்டாள் அக்கா. அதன் பிறகு அம்மா அதை இழுத்துவிடவே இல்லை.

அந்த வாரம்தான் 'டச்சப்' என்ற பெயர் வந்தது. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. டச்சப் அக்கா, டச்சப் டீச்சர், இப்போது வயதானதும் வெறும் டச்சப். தழும்பைச் சொல்லிக் கேலி செய்திருந்தால் மீன் கதையைச் சொல்லிச் சமாளித்திருப்பாள். இதற்கு எந்தக் கதையைச் சொல்வாள்? உள்ளபடி இருந்த ஒரே ஆளுக்கு நாம் வைத்த பெயர் அது.

நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன். அந்த ஸ்டூடியோ மாடிப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். வயிற்று வலி, தலைசுற்றல், எல்லாம் சொன்னேன். அம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டாள். அக்காவின் மானக்கேட்டால் சின்னவள் வெளியே தலை காட்ட முடியவில்லை என்று, அக்கா காதுபடவே அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாள். என் படிப்பு நின்றதும் அக்கா கணக்கில்தான் ஏறியது. அப்பா சாகும் வரைக்கும் அப்படியே நம்பினார். மாப்பிள்ளை அடுத்த முறை ஊருக்கு வந்தபோது வேறு ஊரில் பெண் எடுத்தார். அக்காவுக்குப் பிறகு சம்பந்தம் வரவில்லை. எனக்கு வந்தது. என் கல்யாண ரவிக்கையை அவள்தான் தைத்தாள். அளவு எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு அவளோடு வந்து இருக்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால், போன தபசுகாலத்தில் ஒரு மத்தியானம் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் செய்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சாமியாருக்குச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அன்று அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் என் வாயால் சொன்னேன்.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிருவாருன்னு பயந்தியா, இல்ல எங்கூட நடக்க வெக்கப்பட்டியா?"

பயந்தேன் என்று சொல்லத்தான் இத்தனை வருஷம் தயார் செய்து வைத்திருந்தேன். பயத்தை யாரும் மன்னிப்பார்கள்.

"வெக்கந்தான்க்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நூலைக் கடித்து அறுத்தாள். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. நான் உன்னை வலது பக்கமா, தழும்பு தெரியாத பக்கமா நடக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். கேலியா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் மிஷினை ஓட்டினாள். மறுநாள் காலை, சாளை மீன் நன்றாக இருக்கிறது, வாங்கவா என்று கேட்டாள்.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எழுது என்றாளே தவிர, படித்துக்காட்டச் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவளைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஞானஸ்நானத்தில் வைத்தது, உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வைத்த மற்றப் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை என்றால் என்னைப் பார்த்துக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.